நூற்றியோராவது கொடி

பிரஷாந்தி எண்ணினால் எண்ணினதுதான். செபஸ்தியார் திருநாளுக்கு நூற்றியொரு சிவப்புக் கொடி வேண்டுமென்று ஊர் கேட்டது. நூற்றியொன்றையும் தன் கையால் வெட்டி, விளிம்பு மடித்துத் தைத்து, அலுமாரிக்கு மேல் அடுக்கி வைத்தவள் அவள். கொடியேற்றத்தன்று காலையில் கயிற்றில் கோக்கும்போது நூறுதான் இருந்தது. மூன்று தரம் எண்ணிப் பார்த்தாள். நூறேதான். ஒரு கொடி குறைந்ததற்காகச் செபஸ்தியார் கோபிக்கமாட்டார். ஆனால் பிரஷாந்தி கோபிப்பாள். இலுப்பைக்கடவைப் பக்கத்தில் அவளுடைய கோபத்துக்குப் பயப்படாதவை அவளுடைய நண்டுகள் மட்டும்தான்.

அந்த நண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கடலோரக் களப்பில் பிடிபடுகிற நண்டுகளில் ஓடு கழற்றிச் சதை வற்றிக் கிடப்பவற்றை எந்த வியாபாரியும் சீண்டமாட்டான். அவற்றைக் கூட்டில் விட்டு, மீன்தலை போட்டு, சதை பிடிக்கும்வரை வளர்ப்பதுதான் பிரஷாந்தியின் தொழில். அவளும் றஞ்சிதாவும் வேறு மூன்று பெண்களுமாகக் களப்பின் வாயில் ஐந்து கூடு வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, கலியாண வயதில் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்தவள் அவள். இது என்னுடையது என்று அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் பொருள் அந்தக் கூடுதான்.

போன வருடம் அறக்கொட்டிப் பூச்சிக்கு மருந்தடித்த வயல்தண்ணீர் வாய்க்கால் வழியே களப்பில் இறங்கியது. விடிந்து பார்த்தால் இறால் குஞ்சுகள் கரை நெடுக வெளுத்துக் கிடந்தன. அவற்றைத் தின்ற கொக்குகள் எழும்பி எழும்பி விழுந்தன. ஐந்து கூட்டிலும் ஒரு நண்டு மிச்சமில்லை. அன்றைக்குப் பிரஷாந்தி கோயில் முற்றத்தில் போட்ட சத்தத்தில் ஊரில் ஒரு சட்டமே பிறந்தது. மருந்தடித்தவர் வாய்க்கால் தலைப்பிலுள்ள பலகைக் கதவின் தூணில் சிவப்புத் துணி கட்டவேண்டும். துணி பறக்கிற பத்து நாளும் பலகையைத் தூக்கக்கூடாது. மருந்தையே நிற்பாட்ட அவளால் முடியவில்லை. எப்படி முடியும்? அவளுடைய சொந்தப் புருசன் ஜெயகாந்தே தோளில் மருந்துத் தாங்கியைப் போட்டுக்கொண்டு அடிக்கிறவன்தானே.

கொடி எண்ணி முடித்த கையோடு நண்டுக்குத் தீனி போடப் புறப்பட்டவள், போகிற வழியில் அந்தத் தூணைப் பார்த்தாள். புத்தம்புதுச் சிவப்புத் துணி ஒன்று அதில் பறந்துகொண்டிருந்தது. கிட்டப் போய் விளிம்பைத் திருப்பினாள். அவளுடைய தையல்!

"எந்தக் குரங்கு கொண்டந்து கட்டினது?" என்று பல்லைக் கடித்தாள். ஊரார் மருந்துக்குக் கட்டுவது பழைய சிவப்புச் சாரத்தின் கந்தலைத்தான். திருநாள் முடியும்வரை மருந்தடிக்கமாட்டேன் என்று ஜெயகாந்த் சத்தியம் பண்ணியிருந்தான். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். கொடி நூற்றியொன்று ஆகிவிட்ட சந்தோசத்தில் நண்டுகளுக்கு அன்றைக்கு இரண்டு மீன்தலை கூடுதலாக விழுந்தது.

பின்னேரம் மூன்று மணிக்குக் கோயில் வாசலில் ஊரே நின்றது. பாண்ட் வாத்தியம் முழங்கியது. முற்றத்தில் பரப்பவென்று ஒரு ட்ரக்டர் நிறைய வெள்ளை மணல் வந்து காத்திருந்தது. ஜெயகாந்த் வாழைமரம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, அவளுக்கு அருகில் இறக்கிவைத்துத் தலையைச் சொறிந்தான்.

"இஞ்சேரப்பா, கோபிக்காதை. நேற்று வயலுக்கு அடிச்சிட்டன். அறக்கொட்டி அடியில பத்தத் துவங்கிட்டுது. திருநாள் முடியுமட்டும் பாத்துக்கொண்டிருந்தால் வைக்கல்தான் மிஞ்சும். கடைக்காரன் ரெண்டு மருந்தைக் கலந்து தந்தவன்."

"துணி?"

"கட்டாமல் விடுவனே? உன்ர அலுமாரிக்கு மேல கிடந்ததில ஒண்டை எடுத்துத்தான் கட்டினனான்."

பிரஷாந்தி அண்ணாந்து பார்த்தாள். வாசல் வளைவின் உச்சியில், அவள் ஆசையாகக் கடைசியில் கோத்த நூற்றியோராவது கொடி படபடத்துக்கொண்டிருந்தது.

"மில்ரன் அண்ணை!" என்று கத்தினாள். பலகைக் கதவுக்குப் பொறுப்பான மில்ரன் தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்பினார். "பலகை திறந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை. மழையில வயலெல்லாம் முட்டி நிக்குது. கடலும் வத்தி இறங்கிக் கிடக்குது. துணியும் இல்லைத்தானே, இப்பதான் ரெண்டு பலகை தூக்கிட்டு வாறன்."

புருசன் தலையில் பழியைப் போட அவளுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. அவளோ பாண்ட் சத்தத்துக்கும் மேலால் தொண்டை கிழியக் கத்தினாள். "நான்தான்! நான்தான் துணியை அவிட்டனான்! மருந்துத் தண்ணி வருது! மதகை அடையுங்கோ!"

பாண்ட் நின்றது. மில்ரன் கோப்பையை எறிந்துவிட்டுப் பலகையை இறக்கச் சைக்கிளில் பறந்தார். ஆனால் ஏற்கனவே இறங்கிவிட்ட தண்ணீரை யார் பிடிப்பது? வாய்க்கால் அரை மைல் ஓடி, வீதிக்குக் கீழே மதகுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் நேரே கூடுகளில்தான் போய் விழும். பூசை உடுப்போடு நின்ற எமில் சாமி மணலைப் பார்த்தார், மனிதர்களைப் பார்த்தார்.

"ட்ரக்டரை எடுங்கோ! சமையல்கட்டில கிடக்கிற வெறும் பையெல்லாம் கொண்டு வாங்கோ! செபஸ்தியார் கொஞ்சம் பொறுப்பார்!"

என்ன ஓட்டம் அது! பட்டுச் சீலைகள் ஓடின, புதுச் செருப்புகள் கையில் ஓடின, பெரிய மேளக்காரன் மேளத்தோடேயே ஓடினான். ஓடுகிற ட்ரக்டர் பெட்டிக்குள் நின்று பெண்கள் பைகளில் மணலை அள்ளித் திணித்தார்கள். றஞ்சிதா பைகளின் வாயைக் கட்டிக் கட்டி அடுக்கினாள். மதகடிக்குப் போனபோது தண்ணீரின் தலை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. நுரையும் மருந்து நெடியுமாக வந்தது. அதற்கு முன்னால் சின்ன மீன்கள் துள்ளித் துள்ளி மல்லாந்தன.

மில்ரனின் தம்பி வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தான்.

"ஒருத்தரும் கால் வையாதைங்கோ!" என்று ஜெயகாந்த் அவனைப் பிடித்து இழுத்தான். "என்ர மருந்து. நான் இறங்குறன்."

தொடையளவு தண்ணீரில் நின்று, கைமாறி வந்த பைகளை மதகின் வாயில் ஒவ்வொன்றாக வைத்து மிதித்தான். தண்ணீர் ஏறியது. ஒரு முழம், இன்னொரு சாண். கசிவு நூலாக ஓடியது, அதையும் சாக்குத் துணியால் அடைத்தான். "இன்னும் ஒண்டு! இன்னும் ஒண்டு!" என்று கரை முழுக்கக் கத்தியது. கடைசிப் பைக்கு ஒரு விரல் கீழே வந்து தண்ணீர் அசையாமல் நின்றபோது மேளக்காரன் தன்னை மறந்து ஒரு அடி அடித்தான். பிரஷாந்தி சிரித்தாள், உடனேயே அழுதாள்.

தேங்கிய தண்ணீரைப் பம்ப் வைத்துத் தன் வயலுக்கே திருப்பச் சொன்னான் ஜெயகாந்த். பயிர் மூழ்கும் என்று மில்ரன் சொன்னதற்கு, "மூழ்கட்டும்" என்றுவிட்டு, மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் குளிக்கப் போனான். மணலில்லாத முற்றத்தில், நூறு கொடிகளோடு, சேறு படிந்த எமில் சாமி கொடியேற்றினார். வளைவிலிருந்து அவிழ்த்த நூற்றியோராவதை மதகின் கம்பியில் பிரஷாந்தி மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள்.

ஆனால் கசிந்தது எவ்வளவு? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலைப் பூசைக்கு வெளிக்கிட்ட கோலத்திலேயே இருவரும் கூட்டுக்குப் போனார்கள். மதகுக்கு மேலே வாய்க்காலில் இறாலும் மீனும் செத்து மிதந்தன. கரையில் ஒரு கொக்கு செட்டை விரித்தபடி கிடந்தது. ஜெயகாந்த் குனிந்து அதைப் பார்த்தான்.

"இது என்னத்தைத் திண்டது?"

"நீங்கள் அடிச்சதை," என்றாள்.

மதகடியில் இருந்த முதல் கூட்டின் மூடியைத் திறந்தாள். ஒரு அசைவும் இல்லை. பெரிய நண்டொன்று மூலையில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு விரலால் மெல்லத் தொட்டாள்.

கவ்வியது பார், அப்படி ஒரு கவ்வு! "ஐயோ! கடிச்சிட்டுது! உயிரோட இருக்குது, கடிச்சிட்டுது!" என்று குதித்தாள். ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தாள். கூடு முழுக்கக் கடகடவென்று கால்கள் கிளம்பின.

ஜெயகாந்த் பதறிப்போனான். விரலில் கட்டத் துணி ஒன்றும் அகப்படாமல் மதகின் கம்பிக்கு ஓடி, அங்கே பறந்த சிவப்புத் துணியின் முடிச்சில் கை வைத்தான்.

"அதை அவிட்டியளெண்டால் தெரியும்!" என்று பிரஷாந்தி போட்ட சத்தம் களப்பின் மறுகரைக்கும் கேட்டிருக்கும். "உங்கட சேட்டைக் கிழியுங்கோ!"

திருநாளுக்கென்று வாங்கிய புதுச் சட்டையை ஜெயகாந்த் மறுபேச்சில்லாமல் கிழித்தான்.