ஞானராஜ் ரேடியோ செட்

குழாய் ஒலிபெருக்கியை வேப்பங்கிளையில் இறுக்கிக் கட்டிவிட்டு ஜெஸ்ஸி குனிந்து பார்த்தபோது, கீழே நாலு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் நாலு விதமாக யோசனை சொன்னார்கள்.

"பாத்து இறங்கு தாயி. உங்கப்பன் பக்கத்துலயே போயிப் படுத்துராத" என்றாள் எதிர்வீட்டுப் பேச்சாயி. அழுது வீங்கிய முகத்தோடு இப்படிப் பேச அவளால் மட்டும்தான் முடியும்.

திண்டுக்கல்லிலிருந்து அகரம் வரைக்கும் காதுகுத்தோ கருமாதியோ, ஞானராஜ் ரேடியோ செட்தான் பாடும். நேற்றுச் சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டிருந்த ஞானராஜ், ஆற்றி முடிக்காமலேயே சுவரில் சாய்ந்துவிட்டார். இப்போது வாசல் பந்தலில், வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டிக்குள், சட்டைப் பையில் டெஸ்டரோடு படுத்திருந்தார். டெஸ்டர் இல்லாவிட்டால் அவர் மாதிரியே இல்லை என்று அம்மா செபாஸ்தியம்மாள்தான் செருகச் சொன்னாள்.

மைக்கைச் சரிபார்க்க மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். ஞானராஜ் தன் வீட்டுச் சமையலைச் சொல்வார். 'இன்னைக்கு எங்க வீட்டுல கருவாட்டுக் கொழம்பு' என்று கல்யாணப் பந்தலில் அவர் குரல் கேட்டால் கூட்டம் சிரிக்கும். செபாஸ்தியம்மாளுக்குத்தான் மானம் போகும். மறுநாள் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் குழம்பு எப்படி இருந்தது என்று விசாரிப்பார்கள்.

ஜெஸ்ஸிக்குப் பத்தொன்பது வயது. இதுவரை அவள் ஏணி ஏறியதில்லை. ஏற வேண்டி வந்ததில்லை. சைக்கிள் செயின் கழன்றாலும் சரி, வங்கியில் செலான் நிரப்புவதென்றாலும் சரி, பின்னாலிருந்து அப்பாவின் கை நீளும். "தள்ளு தாயி, நான் பாத்துக்கிறேன்." அவளும் தள்ளிக்கொள்வாள். அது அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

காலையில் சித்தப்பா ஆனந்த்ராஜ் எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தார். பேகம்பூர் நைனா முகமதுவிடம் இன்றைக்கு மைக் செட் கட்டச் சொல்லியாயிற்று. அடக்கம் முடிந்ததும் அண்ணனுடைய செட்டையும் அவரிடமே கொடுத்துவிடலாம், கட்ட ஆளில்லாத வீட்டில் அது எதற்கு என்றார். ஜெஸ்ஸிதான், தன் வாயிலிருந்துதான் வருகிறதா என்று தனக்கே சந்தேகம் வரும்படி, சொன்னாள்.

"இன்னைக்கு அப்பா செட்டுதான் பாடணும் சித்தப்பா. நானே கட்டுறேன். பாடலைன்னா குடுத்துருங்க."

ஏணியிலிருந்து இறங்கியவள் வயரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினாள். டப்பென்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, ஐஸ் பெட்டியின் முனகலும் அடங்கியது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"பீஸு போச்சு. செத்தவனையும் வேக வைக்கப் பாக்குறா" என்றார் சித்தப்பா.

அவள் டெஸ்டரைத் தேடினாள். அது ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. மெயினை அணைத்து, செட்டின் பிளக்கைக் கழற்றி, அப்பா செய்வதைப் பார்த்திருந்த நினைவில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் புதுக் கம்பி சுற்றி மாட்டினாள். ஐஸ் பெட்டி மறுபடி முனகியது. அதைக் கேட்டதும்தான் தன் தவறு அவளுக்கு விளங்கியது. வீட்டின் பழைய லைன் ஐஸ் பெட்டியையும் செட்டையும் சேர்த்துத் தாங்காது. அப்பாவைக் குளிர வைப்பதா, அப்பாவின் செட்டைப் பாட வைப்பதா, ஏதாவது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து நைனா முகமதுவின் டிவிஎஸ் வந்து நின்றது. இருபது வருஷமாக ஞானராஜுக்குப் போட்டிக்காரர், டீக்கடையில் கூட்டாளி. பெட்டியருகே வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, தான் கொண்டுவந்த வயர்ச் சுருளை அவிழ்த்தார்.

"பேட்டரியில ஓடுற செட்டு கொண்டாந்திருக்கேன். நான் கட்டிர்றேன்மா. நீ உள்ள போயி அம்மா பக்கத்துல இரு."

அப்பாவின் கனிவு அப்படியே அந்தக் குரலில் இருந்தது. அதுதான் கஷ்டம். சிடுசிடுத்திருந்தால் மறுப்பது எளிது. ஜெஸ்ஸியின் கால் அரை அடி பின்னால் நகர்ந்துகூட விட்டது.

பேட்டரி. கட்டிலுக்கடியில் சப்பர ஊர்வலத்துக்கு எடுத்துப் போகும் பேட்டரி இருக்கிறதே.

"செத்த நேரம் இருங்க மாமா" என்றாள்.

தானே இழுத்து வந்தாள். கனத்தது. சிவப்பு வயர், கறுப்பு வயர். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. ஷாக் அடிக்கும், கையை எடு என்பார் அப்பா. கிளிப்பைப் பிடித்தபடி பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவர் முகம் சாந்தமாக இருந்தது. தள்ளு என்று சொல்லவில்லை. இன்னும் செத்த நேரம் காத்திருந்தாலும் சொல்லப்போவதில்லை.

சிவப்பைச் சிவப்பில் கவ்வ வைத்தாள். கறுப்பை வைக்கும்போது சின்னதாக ஒரு பொறி பறந்தது. கையை எடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மரத்தில் குழாய் 'ஊம்' என்று கனைத்தது; அதன்மேல் உட்கார்ந்திருந்த காகம் அலறிப் பறந்தது.

மைக்கை எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று சொல்லத்தான் நினைத்தாள்.

"இன்னைக்கு எங்க வீட்டுல..."

குரல் ரோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. துக்க வீட்டில் ஏது சமையல்?

"இன்னைக்கு எங்க வீட்டுல அடுப்புப் பத்த வைக்கல. பேச்சாயி அக்கா வீட்டுல இருந்து புளியோதரை வந்திருக்கு."

முதலில் யாரோ தும்மியது போலிருந்தது. செபாஸ்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. "உப்புத்தான் செத்தக் கம்மி" என்றாள், பெட்டியின் பக்கம் திரும்பி. பேச்சாயி சிரிப்பும் அழுகையுமாக அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். சித்தப்பா வெகு கவனமாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெஸ்ஸி ஜெபமாலை கேசட்டைப் போட்டுவிட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். பந்தலுக்கு வெளியே நைனா முகமது, தான் அவிழ்த்த வயரை முழங்கையில் போட்டு மறுபடியும் சுற்றத் தொடங்கியிருந்தார்.