இறகு வெளியே போகக் கூடாது

செகாமெத்சி கஞ்சியில் ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். சூடு கூடினால் கிளிக்குஞ்சின் தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் உள்ளேயே புளிக்கும். பதினோரு வருஷமாக அந்தக் கிளிப் பண்ணைக்கு அவள் மணிக்கட்டுதான் தெர்மாமீட்டர். ஊசியில்லாத சிரிஞ்சை முதல் குஞ்சின் அலகோரம் வைத்தாள். அது வாயைத் திறக்கவில்லை. அடுத்தடுத்து வைத்த எட்டும் திறக்கவில்லை. கழுத்தைத் தடவினாள். முளைத்து வந்த இறகுகள் தண்டில் நெரிந்துபோய், தொட்ட விரலோடு வந்துவிட்டன.

"எத்தன திங்கலக்கா?" பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த தாபெடி கேட்டான்.

"ஒம்போது."

"நேத்து நாலுதான?"

"நேத்து நேத்துதான்."

எல்லாம் அந்தச் சிவப்புக் கிளியோடு வந்த வினை. சாம்பல் கிளிக்கு வாலில் மட்டும்தான் சிவப்பு இருக்கும். நெஞ்சிலும் இறக்கையிலும் சிவப்போடு பிறக்கிற கிளி லட்சத்தில் ஒன்று, ஒரு கார் விலைக்குப் போகும். இரண்டு மாதத்துக்கு முன்னால் முதலாளி ருடால்ஃப் ஏலத்தில் அப்படி ஒன்றைப் பாதி விலைக்குத் தட்டிக்கொண்டு வந்தார். கூண்டைத் திறந்து காட்டும்போது அவர் முகத்தில் கல்யாணக் களை.

செகாமெத்சி குனிந்து இறகுகளை உற்றுப் பார்த்தாள். "முதலாளி, இது பொறவிச் செவப்பு இல்லீங்க. நோய்ச் செவப்பு. பழைய பண்ணையில பாத்திருக்கேன். மொதல்ல இப்படித்தான் செவக்கும், அப்புறம் கொட்டும். தனியாப் போட்டு வைங்க."

"ஏலத்துல அம்பது பேரு பாத்தாங்க. அவங்க கண்ணுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சா? போய்க் கஞ்சி ஊட்டு."

வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. வேலைக்காரர்கள் அதில் கால் நனைத்து, குளித்து, உடுப்பு மாற்றித்தான் உள்ளே வரவேண்டும். வெளியே போகும்போதும் சோதனை, ஒரு இறகுகூட உடுப்பில் ஒட்டிப் போகக் கூடாது. கம்பிக் கதவில் பலகையே தொங்குகிறது. முதலாளி அன்று ஏலத்து மண் ஒட்டிய பூட்ஸோடு போய், அந்தக் கிளியைத் தன் கையாலேயே ஜோடிக் கூண்டுகளின் நடுவில் மாட்டினார்.

திங்கட்கிழமை மிருக டாக்டர் வந்து கூண்டு கூண்டாக இறகு பிடுங்கி உறைகளில் போட்டுக்கொண்டார். வேலைக்காரர் குடியிருப்புப் பக்கம் செகாமெத்சியின் ஆறு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. "அதுகளுக்கும் பாத்துருங்க டாக்டர், நாளைக்கு எம் பேர்ல பழி வரும்" என்றாள்.

"இந்த வைரஸ் கிளி சாதியோடது. ஒங்க கோழிய ஏறெடுத்தும் பாக்காது" என்று சிரித்தார் அவர்.

இன்று பத்து மணிக்கு முதலாளி குஞ்சு அறைக்கு வந்தார். சட்டைப் பையில் ஆய்வகத்தின் முத்திரை போட்ட உறை எட்டிப் பார்த்தது. கையில் வேறொரு காகிதம். குஞ்சு வாங்கிப் போனவர்கள் நகரத்திலிருந்து போன்மேல் போன் போடுகிறார்களாம், வீட்டுக்குப் போன குஞ்சு மொட்டையாகிவிட்டதாம்.

"கையெழுத்துப் போடு. விதிய மீறிக் கோழி வளத்த, அதுலருந்து நோய் வந்துச்சு. அவ்வளவுதான். வேலையும் இருக்கும், ரூமும் இருக்கும்."

போட்டால் ரூம் இருக்கும். ஆனால் நோய் கொண்டுவந்தவள் என்று பெயர் விழுந்தால், இந்தப் பக்கத்தில் ஒரு பண்ணையும் அவள் கையில் குஞ்சைத் தராது. அவளுக்கு அந்தக் கையை விட்டால் வேறென்ன இருக்கிறது?

"பையில இருக்கறதப் படிங்க, கேப்போம்" என்றாள்.

"அது எனக்கு வந்த காகிதம்."

"அப்ப இது எனக்கு வந்தது. குடுங்க."

பேனாவை வாங்கி, அச்சடித்த வரிகளுக்குக் கீழே நிதானமாக எழுதினாள். 'நோய் வந்தது சிவப்புக் கிளியோடு. தனியாகப் போடச் சொன்னேன். கேட்கவில்லை.' கீழே முழுப் பெயரும் தேதியும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்தாவது குஞ்சுக்குச் சிரிஞ்சை எடுத்தாள்.

முதலாளியின் காது மடல் சிவந்தது. "மத்தியானத்துக்குள்ள ரூமக் காலி பண்ணு. தாபெடி, அந்தக் கோழிங்கள குழியில போட்டுக் கொளுத்து."

தாபெடி அவளைப் பார்க்காமல் நின்றான். "அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"தெரியும்டா. கழுத்தச் சட்டுனு திருகு. வதைக்காத."

செத்த குஞ்சுகளோடு ஆறு கோழிகளும் எரிந்தன. ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்த கோழி. அந்த நெடி மூக்கில் ஏற ஏற அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாயைச் சுருட்டி, பானையைத் துணியில் கட்டி வாசலுக்கு வந்தாள். காவலும் தாபெடிதான். மூட்டையை அவிழ்த்து, பாவாடையை உதறி, பானைக்குள் கைவிட்டுப் பார்த்தான்.

"மன்னிச்சுருக்கா. எறகு இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்காரு."

"நல்லாப் பாரு. பானைக்கு அடியிலயும் பாரு."

அவள் தொட்டியில் கால் வைத்து நிற்கையில் முதலாளியின் பிக்கப் வண்டி வந்தது. தாபெடி ஓடிப்போய் பெரிய கதவைத் திறந்தான். பின்தட்டில் வெள்ளைத் துணி போர்த்திய கூண்டு ஒன்று. வியாழக்கிழமை, ஏல நாள். வண்டி தொட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது. காற்றில் துணி தூக்க, ஒரு சின்ன இறகு பறந்து வந்து புழுதியில் விழுந்தது. நல்ல சிவப்பு.

செகாமெத்சி குனிந்து எடுத்தாள். தொட்டித் தண்ணீரில் அதையும் கையையும் முக்கி அலசினாள். பிறகு கதவுப் பலகைக்கு நேர் கீழே, கம்பி முறுக்கில் இறுக்கிச் செருகினாள்.

"யாரும் கேட்டா, செகாமெத்சி வெச்சான்னு சொல்லு."

தாபெடி அதை எடுக்கவில்லை. தொட்டியில் நனையாத டயர்களின் தடம் பிரிட்ஸ் ஊருக்குப் போகும் ரோடு வரைக்கும் நேராகப் போயிருந்தது. அவள் மூட்டையைத் தலையில் ஏற்றி, அந்தத் தடத்தின் மேலேயே நடந்தாள்.