நட்சத்திரக் குறி போட்ட சொல்

அகராதி அலுவலகத்தில் பதிப்பாசிரியை 'பெர்' என்ற வினைவேரை வாய்விட்டுச் சொன்ன காலையில், அவளுடைய மேசை தரையைவிட்டு ஒரு சாண் மேலே எழுந்தது. மெய்ப்புத் திருத்துபவர் அதன் மேலிருந்த தன் தேநீரை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். சுமத்தல் என்று பொருள்படும் அந்த ஆதி இந்தோ-ஐரோப்பிய வேரைப் பேசியவர்கள் போய்ப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன, எழுதிவைத்தவர் யாருமில்லை. பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துத் தாயை வரைவதுபோல, கிளைமொழிகளைப் பார்த்து அறிஞர்கள் அதை ஊகித்தார்கள். பேசிக் கேட்டவர் இல்லை என்பதற்கு அடையாளமாக முன்னால் நட்சத்திரக் குறி போட்டார்கள். பிள்ளைகளோ ஆளுக்கொரு திசை. லத்தீனில் கொண்டுவருவதானது, கிரேக்கத்தில் தூக்கிக்கொண்டு ஓடும் திருடனைப் பெற்றது, ஆங்கிலத்தில் பிள்ளை பெறுவதும் பொறுத்துக்கொள்வதும் ஆனது, சமஸ்கிருதத்தில் பாரமாகி, அப்படியே நம் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவளுக்குக் கணவரின் நினைவு வந்தது. ஓயாமல் பேசிய பேருந்து நடத்துநர், பக்கவாதத்தில் படுத்தபின் ஒரு சொல் பேசவில்லை. அவரைப் புரட்டிக் குளிப்பாட்ட அவளால் முடியவில்லை. "அண்ணனைப் பராமரிப்பு இல்லத்துல சேத்துடலாம் அண்ணி. நீங்களும் விழுந்துட்டா யாரு பாக்கறது?" என்று நாத்தனார் வண்டிக்கே ஏற்பாடு செய்துவிட்டாள். அன்று மாலை படுக்கையருகே நின்று அவள் வேரைச் சொன்னாள். கணவர் தலையணையோடு மேலே எழுந்தார். கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். மறுநாள் வந்த வண்டி காலியாகத் திரும்பியது.

ஆனால் எடை எங்கும் தொலைந்துபோகவில்லை. சுமப்பதென்றால் யாராவது சுமக்கத்தானே வேண்டும்? அது அவளுக்குள் இறங்கியது. நாற்காலிகள் உடைந்தன, சமையலறைத் தரை விரிசல் விட்டது. அண்ணிக்கு நல்ல சாப்பாடு போலிருக்கிறது என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள். கூரையோரம் மிதந்தபடி கணவர் எல்லாவற்றையும் பார்த்து அழுதார்.

ஒருநாள் வாசற்படியில் அவள் காலைத் தூக்க முடியாமல் நின்றுவிட்டாள். மேலிருந்து, கோணிய வாயால், எச்சில் வழிய, திரும்பத் திரும்ப முயன்று, கணவர் சொன்னார்: "பெர்." அவர் கட்டிலில் வந்து அமிழ்ந்தார், அவள் கால் படியைவிட்டு எழுந்தது.

"வேணாங்க, நானே வெச்சுக்கறேன்" என்றாள். அவர் மறுபடியும் சொன்னார்.

அதன்பின் முறை வைத்துக்கொண்டார்கள். பகலில் அவர் சுமந்தார். அவள் படிகளைத் தொடாமல் அலுவலகத்துக்கு ஏறிப்போனாள். மாலையில் அவள் சுமந்தாள். அகராதி அச்சுக்குப் போகும் முன், அந்த நட்சத்திரக் குறியை அவள் நீக்கிவிட்டாள். பிழையோ என்று மெய்ப்புத் திருத்துபவர் கேட்டார்.

"இல்லைங்க. எங்க வீட்டுல பேசறோம்" என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார்.