ஒரு நாள்தானே

ஜமுனாமரத்தூரில் சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் மில்லில் பதினாலு வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். அங்கிருந்து சாமை பாக்கெட்டாகி மலைக்குக் கீழே போகிறது. பாக்கெட்டின் மேல் ‘சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருக்கும். அச்சடித்தவன் என்னைப் பார்த்ததில்லை. மூன்று வேளையும் சாமை தின்றுதான் எனக்குச் சர்க்கரை முந்நூற்று நாற்பதுக்கு ஏறியது.

சர்க்கரை என்பது வெள்ளை அரிசி தின்கிற கீழ்நாட்டு ஆட்களின் நோய் என்று மலையில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கார் போட்டுக்கொண்டு வந்து பட்டணத்தார் சாமை வாங்கிப் போவதைப் பார்த்துப் பார்த்து, அது மருந்தேதான் என்று முடிவு கட்டிவிட்டோம். என் அண்ணன் தனசேகரனுக்குக் கால் கட்டைவிரலில் புண் வந்தது. சீக்கிரம் ஆறட்டும் என்று, வேளைக்கு இரண்டு உருண்டை தின்ற சாமைக் களியை மூன்றாக்கினான். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். போன புரட்டாசியில் ஆளே போய்விட்டான்.

அண்ணனுக்குக் காலை எடுத்த வாரம், ஆனி மாதத்தில், நான் சோற்றை விட்டேன். அரிசி, சாமை, கேழ்வரகு, இட்லி, தோசை, டீயில் சர்க்கரை, எல்லாவற்றையும். முட்டை, கீரை, அவரைக்காய், சுரைக்காய், கோழி, தேங்காய், மோர் என்று ஓட்டினேன். ராணிப்பேட்டையில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மகன் பாலமுருகன், விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். சாமைச் சோறு தின்று இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினால் இருநூற்றுத் தொண்ணூறு. கீரையும் முட்டையும் தின்று குத்தினால் நூற்று முப்பது. எட்டாம் வகுப்பு படித்தவனுக்கு இது போதும்.

செங்கத்தில் நான் பார்க்கிற டாக்டருக்குப் போதவில்லை.

“சாமை விளையுற ஊர்ல இருந்துக்கிட்டு சாமை வேணாம்ங்கிறீங்க. உங்க மெஷின் தப்பு காட்டுது” என்றார்.

“அரிசிக்கும் தப்பாத்தான் காட்டுமாங்க?”

அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அடுத்த முறை போனபோது ஒன்பது கிலோ இறங்கியிருந்தேன். டி.பி.யாக இருக்கும் என்று சளி எடுத்துப் பார்க்கச் சொன்னார். இல்லை என்று வந்தது. ஒரு நாள் மில்லில் சர்க்கரை இறங்கி மயக்கமாக வந்து உட்கார்ந்துவிட்டேன் என்று சொன்னபோது மட்டும் மாத்திரையில் பாதியைக் குறைத்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பதினொன்றிலிருந்து ஏழுக்கு வந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினேன். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றார். “அளவா சாப்பிடலாம். எல்லாமே அளவா சாப்பிடலாம்” என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிற மனிதர்.

ஊரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ‘ஒரு நாள்தானே’ என்பார்கள். காது குத்தா, ஒரு நாள்தானே. பொங்கலா, ஒரு நாள்தானே. மில்லில் பூஜையா, ஒரு நாள்தானே. மலையில் இருபது வீடு, வீட்டுக்கு ஒரு நாள் என்றால் மாதத்தில் மிச்சம் எத்தனை நாள் என்று கேட்டால், ராஜேந்திரனுக்கு வாய் நீண்டுவிட்டது என்றார்கள். நான் இளைத்ததைப் பார்த்து, வெளியில் சொல்ல முடியாத சீக்கு என்று ஒரு பேச்சும் கிளம்பியது. என் பெண்சாதி மணியம்மாளிடம் குழாயடியில் கேட்டே விட்டார்கள். அவள் குடத்தை வைத்துவிட்டுச் சண்டை போட்டாள். வீட்டுக்கு வந்து என்னோடும் போட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் பாலமுருகனுக்குப் பெண் பேசப் போனோம்.

பெண் பெயர் புவனா. இருவரும் திருவண்ணாமலையில் ஒன்றாகப் படித்தவர்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர், எங்கள் ஜாதிதான், பெண் கொள்கிற முறைதான். ஆனாலும் அவள் அப்பா பஞ்சாட்சரம், இருவரும் தாங்களாகப் பார்த்துக்கொண்டது பிடிக்காமல் ஒரு வருடம் இழுத்தடித்தார். அந்தப் பெண் வேறு எவனையும் பார்க்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

பெண் வீட்டில் கை நனைப்பது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பேச்சு பிடித்தால் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் சொன்னதால் மறுநாள் சந்தையில் முகம் பார்த்துப் பேச முடியும். நல்ல ஏற்பாடுதான், சோறு தின்கிறவர்களுக்கு.

கிளம்பும்போது பாலமுருகன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“அப்பா, இன்னிக்கு மட்டும்.”

ஒரு நாள்தானே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபித்திருப்பேன். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

பஞ்சாட்சரத்தின் வீட்டில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவருடைய பெரியப்பா மகன் கோபால்சாமிதான் அந்த வீட்டில் முறைமை பேசுகிறவர். எழுபது வயது, குரல் நாற்பது வயது. பேச்சு சுமுகமாகவே போனது. பரியப் பணம், நகை, யார் வீட்டு வாசலில் பந்தல் என்பதெல்லாம் தீர்ந்தது. பிறகு இலை போட்டார்கள். புதுச் சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, அவரைப் பொரியல், அவித்த முட்டை. பஞ்சாட்சரம் எனக்கு எதிரே உட்கார்ந்தார். சோறு ஆவி பறந்தது. அந்த வாசனையைப் பற்றி நான் எழுதினால் பக்கம் போதாது. எட்டு மாதத்தில் ஒரு நாளும் எனக்கு அது மறக்கவில்லை.

கோழியைத் தின்றேன். முட்டையைத் தின்றேன். பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். சோறு வைத்தபடியே இருந்தது. எல்லோரும் என் இலையைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

“இன்னாப்பா ராஜேந்திரா, சோத்துல கை வைக்கல?” என்றார் கோபால்சாமி.

“கறி தின்னேனே மாமா. கை நனைஞ்சாச்சே.”

“கறிய நாய்கூட தின்னும். சோறு துன்னாத்தான் சம்மதம். எங்க பொண்ணுகிட்ட இன்னா கொறைய கண்ட?”

மணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

“கொறையெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. டாக்டர் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாரு.”

டாக்டர் என்று சொன்னால் வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். எந்த டாக்டர் என்று கேட்டார். சொன்னேன். கோபால்சாமியின் மருமகன் செங்கத்தில் அதே டாக்டரின் கிளினிக் வாசலில் மருந்துக்கடையில் வேலை செய்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர்த் தொட்டி அருகே போனால்தான் அந்த ஊரில் சிக்னல் கிடைக்கும். எச்சில் கையோடு அவர் எழுந்து போக, பாதிப் பந்தி பின்னால் போனது. மருமகன் போனை டாக்டரிடமே கொடுத்துவிட்டான், இவர்கள் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்திலேயே எனக்குக் கேட்டது.

“நான் அப்படிச் சொல்லவே இல்லைங்களே. சாமை நல்லதுதான், அளவா சாப்பிடலாம்” என்றது டாக்டரின் குரல்.

திரும்பி வந்து எல்லோரும் அவரவர் இலையில் உட்கார்ந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

“டாக்டர் பேரச் சொல்லிப் பொய் சொல்ற. பொண்ணு பிடிக்கலன்னா தண்ணி குடிச்சிட்டு எழுந்து போய்க்கினே இருக்கலாம். எங்கள ஏன்யா கேவலப்படுத்துற?” என்றார் கோபால்சாமி.

புவனா உள்வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாலமுருகன் என்னைப் பார்க்கவில்லை. தன் இலையில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது, பார்வை ஆறு வயதுப் பையனுடையதாக இருந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டால் தீர்ந்தது. என் கை சோற்றின் மேல் போனது. சூடு விரலில் பட்டது. கை அப்படியே நின்றது.

“பொய்தான் சொன்னேன்” என்றேன். “பொண்ணு தங்கம். எனக்கு அளவுன்னா இன்னான்னு தெரியாது மாமா. அதான் விஷயம். எங்க அண்ணன் கருமாதில எல்லாரும் சொன்னாங்கன்னு ஒரு பிடி துன்னேன். சக்கரையில செத்தவனோட கருமாதி. மறுநாளு மதியம் மில்லுலருந்து வூட்டுக்கு வந்தேன். இவ நூறு நாள் வேலைக்குப் போய்ட்டிருந்தா. பானையில மிச்சம் இருந்த சோத்த நின்னுக்கினே துன்னேன். தட்டுலகூட போட்டுக்கல. அப்படியே பதினோரு நாளு. யாருக்கும் தெரியாம. துன்னுட்டு பானைய கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போவேன். சக்கரை மறுபடியும் முந்நூறுக்குப் போச்சு. கால்ல ஒரு கொப்புளம் வந்தப்பறந்தான் பயத்துல நின்னேன். இந்த ஒரு வாய துன்னா நாளைக்கு நான் நிப்பேனான்னு எனக்குத் தெரியல. உங்க சோறு நல்லால்லன்னு இல்ல. நல்லா இருக்குது. அதான் பயம்.”

இருபது பேர் முன்னால் ஒரு ஆம்பிளை, பானையைத் திருட்டுத்தனமாக வழித்துத் தின்ற கதையைச் சொல்வது அழகாக இருக்காது. சின்னப் பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதுவரை வாயே திறக்காத பஞ்சாட்சரம் கையை நீட்டி, என் இலையிலிருந்த சோற்றை மொத்தமாக வாரித் தன் இலையில் போட்டுக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது என்றுதான் நினைத்தேன்.

“எனக்குக் குடி” என்றார், என்னைப் பார்த்து இல்லை, கோபால்சாமியைப் பார்த்து. “வுட்டு ஏழு வருஷமாச்சு. இன்னிக்கும் யார் வூட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஒரு கிளாஸ்தானே பஞ்சாட்சரம்ங்கிறான். நீகூட போன தைல சொன்ன. ஒரு கிளாஸோட நிக்கிற ஆளா இருந்தா நான் ஏண்ணா வுடப் போறேன்?”

கோபால்சாமி தன் இலையிலிருந்த முட்டையை ஓரமாகத் தள்ளினார்.

“அவரு துன்னுட்டாரு. சோறு என் இலையில இருக்குது. பங்குனில நாள் பாருங்க” என்று பஞ்சாட்சரம் சொல்லிவிட்டு, அந்த இரட்டைச் சோற்றையும் பிசைய ஆரம்பித்தார். புவனாவின் அம்மா வந்து என் இலையில் இரண்டு கறித் துண்டு வைத்தாள். கோபால்சாமி மட்டும், சோறு தின்னாத சம்பந்தியைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று கடைசிவரை முனகிக்கொண்டே சாப்பிட்டார். கல்யாணத்திலும் முனகுவார். முனகட்டும்.

திரும்பி வரும்போது வேனில் பாலமுருகன் முன் சீட்டில் டிரைவரோடு உட்கார்ந்து பாட்டு மாற்றிக்கொண்டே வந்தான். நானும் மணியம்மாளும் பின்னால். அவள் பேசவில்லை. திருட்டுத்தனமாகத் தின்றதைச் சபையில் கேட்டால் எந்தப் பெண்சாதிக்கும் கோபம் வரும் என்று நானும் பேசாமல் இருந்தேன். நாலைந்து வளைவு கழிந்திருக்கும்.

“தெரியும்” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“நீ துன்னது.”

“பானையத்தான் கழுவி வச்சேனே.”

“கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல நீ என்னிக்குப் பானை கழுவுன?” வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். “மொத நாளே தெரிஞ்சிடுச்சு. நான் மட்டும் துன்ற வூட்ல தெனமும் மதியத்துக்குச் சோறு எப்படிய்யா மிஞ்சும்? நீ அதக்கூட யோசிக்கல.”

எனக்குப் புரிய நேரமானது.

“அண்ணன் செத்த துக்கத்துல வயிறு காயுதோ என்னமோன்னு இருந்துச்சு. எளச்சுப் போய் எலும்பும் தோலுமா நின்ன. சொன்னா வெக்கப்பட்டு துன்ன மாட்டன்னு, மறுநாள்லருந்து ரெண்டு பிடி கூடப் போட்டு ஆக்குனேன். நீ நிறுத்துன அப்பறமும் நாலு நாளு போட்டேன். மாடுதான் துன்னுச்சு.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “உங்க அண்ணிகூட அப்படித்தான்யா களி கிண்டிப் போட்டிருப்பா.”

எனக்குக் கோபம் வரவில்லை. டாக்டரைப் பார்த்தும், கோபால்சாமியைப் பார்த்தும், மலையிலுள்ள அத்தனை வீட்டைப் பார்த்தும் வராத பயம் அப்போது வந்தது. என்மேல் இத்தனை பிரியமுள்ள ஒருத்தி என் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறாள் என்ற பயம். அவள் கையைப் பிடித்தேன். பிடுங்கிக்கொள்ளவில்லை.

“நாளைலருந்து எனக்கு மட்டும் அளந்து போடுறேன்” என்றாள். “ஒரு பருக்கை மிஞ்சாது.”