ஐந்தடுக்குப் பாதுகாப்பு

பூனையாகத்தான் இருக்கும், முந்தாநாளும் பூனைதான், வண்டியின் மூக்குமேல் ஏறிப் படுத்ததற்கே கைபேசி இப்படித்தான் துள்ளிற்று என்று நினைத்தபடி செயலாளர் இரண்டாவது படத்துக்குப் போனார், திரையில் ஒரு பெரிய பூட்டும் அதற்குக் கீழே 'ஐந்தடுக்குப் பாதுகாப்பு' என்ற எழுத்தும் சுழன்று வந்து நின்றன, அந்தச் சுழற்சிக்காக நேற்று முக்கால் மணி நேரம் செலவழித்திருந்தார், யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை... குடியிருப்போர் சங்கக் கூடத்தில் நாற்பது நாற்காலிகள், பதினெட்டுப் பேர், அவர்களிலும் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஏசிக்காக வந்து உட்கார்ந்தவர்கள், முன்வரிசையில் பல் டாக்டர், அவரை வைத்துத்தான் இந்தக் கூட்டமே. பன்னிரண்டு நாளுக்கு முன் அவருடைய புது வண்டி நாற்பது நொடியில் போய்விட்டது, சாவியைத் தொடவே வேண்டாம், சட்டைப்பையில் கிடந்தால் போதும், கிட்டே போனாலே கதவு தானாகத் திறக்கும் என்று வாங்கிய அன்று போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டியிருந்தார், திருடர்களுக்கும் அது அப்படியே திறந்துவிட்டது, ஒருத்தன் அவருடைய தரைத்தள வீட்டு ஜன்னலோரம் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே மேசையில் கிடந்த சாவியின் சிக்னலை அந்தப் பெட்டி வாங்கி, வண்டிக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருத்தனுக்கு அனுப்ப... கேமராவில் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது, முகங்களைத் தவிர. அன்று செயலாளருக்கு வருத்தமாகத்தான் இருந்தது, வருத்தம் என்பது சரியான சொல்தானா, கூடவே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, கீழே நிறுத்தத்தில் உறை போட்டு நிற்கும் தன் பதின்மூன்று வயது வண்டியை ஒரு தட்டுத் தட்டிக்கொடுக்க வேண்டும் போன்ற ஒன்று.

மறுபடி துள்ளிற்று கைபேசி. மேசைமேல் மல்லாந்து கிடந்த அதில், 'உங்கள் வாகனம் நகர்கிறது.' பூனை படுத்தால் அதிர்வுதான் காட்டும், நகர்வதற்குப் பூனை போதாது. "முதல் அடுக்கு," என்று சொல்லிக்கொண்டே மேசையிலிருந்து அந்த மஞ்சள் கம்பியைத் தூக்கிக் காட்டினார், "ஸ்டீயரிங் பூட்டு, பார்த்தாலே திருடனுக்கு மனசு விட்டுப் போகும்," பல் டாக்டர் தலையாட்டினார், கம்பி கனமாக இருந்தது, எப்போதும் இவ்வளவு கனமா... ஸ்டீயரிங்கில் பூட்டியிருக்க வேண்டிய கம்பி, காலையில் இவரே கழற்றி எடுத்து வந்தது, செய்துகாட்டினால்தானே ஜனங்களுக்குப் புரியும். அப்படியானால் இரண்டாவது அடுக்கு? அதுவும் மேசைமேல், சாவியின் சிக்னல் வெளியே போகாமல் தடுக்கும் தகர பிஸ்கட் டப்பா, வீட்டில் அலமாரியின் உச்சியில் இருப்பது, இன்று காலை மனைவிதான் எக்கி இறக்கிக் கொடுத்தாள், "சாவியை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள், இவர் படங்களின் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார், "எங்கயாவது வை." மூன்றாவது அடுக்கு, பூட்டு வைத்த பெட்ரோல் மூடி, இதோ டப்பாவுக்குப் பக்கத்தில் பளபளக்கிறது, அதன் இடத்தில் ஒரு பழந்துணியைத் திணித்துவிட்டு வந்திருக்கிறார்... ஊருக்கெல்லாம் பாதுகாப்புச் சொல்ல வந்தவர் சொந்த வண்டியின் துணியை உருவி மேசையில் பரப்பிவிட்டு நிற்கிறார், இதை இப்போது இந்தப் பதினெட்டுப் பேரிடம் சொல்ல முடியுமா, 'ஒரு நிமிஷம், என் வண்டி திருடு போய்க்கொண்டிருக்கிறது, வந்துவிடுகிறேன்' என்று? முதுகுக்குப் பின்னால் இவருக்குப் பூட்டு சார் என்று பெயர், தெரியும், கேலியாக வைத்த பெயரைப் பட்டமாக எடுத்துக்கொள்ள ஒரு வருடம் ஆயிற்று, அதை ஒரு காலையில் இழந்துவிட்டு மாடிப்படியில் யார் முகத்தில் விழிப்பது... கைபேசி வரைபடத்தில் வண்டியைக் காட்டும் நீலப் புள்ளி வாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பியது. விளக்குப் போட்டுத்தான் திரும்பியிருக்கும் என்று ஏனோ தோன்றிற்று.

"ஒரு சந்தேகம்," என்றாள் மூன்றாம் மாடி ஆடிட்டர் அம்மாள், சந்தேகம் இல்லாமல் அவள் கூட்டத்துக்கு வருவதில்லை, "உங்க வண்டி சாவியில சிக்னல் வருமா சார்?" வராது. அது வெறும் இரும்புச் சாவி, திருகித்தான் திறக்க வேண்டும், சில நாள் கதவை முழங்காலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுத் திருக வேண்டும். "வராது. ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்கு இல்லையா." "பழக்கத்துக்கு எதுக்குங்க டப்பா?" பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், ஏசிக்காரர்களில் ஒருவர். இவர்களுக்கு எப்படித் தெரியும், இந்த அடுக்குகள் எல்லாம் பல் டாக்டருக்காக வந்தவை அல்ல, பெட்ரோலுக்காக வந்தவை... ஒன்றரை வருடத்துக்கு முன்தான் கவனித்தார், வாரம் முழுக்க ஆபீஸ் பஸ்ஸில் போகிறார், ஆபீஸ் வாசலில் நிறுத்தினால் யாராவது கீறிவிடுவார்கள் என்று வண்டியை எடுப்பதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைவீதி வரை ஒரு நடை, அப்படியிருந்தும் முள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. வண்டி ஓடிய தூரம் காட்டும் எண்கள் என்றைக்கோ நின்றுபோயிருந்தன, பழைய வண்டிக்குத் தூரம் எதற்கு என்று விட்டிருந்தார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனார், அவன் பிரித்து ஊதித் துடைத்து மாட்டிவிட்டு, "வண்டியில ஒரு குறையும் இல்ல சார், நல்லா ஓடுற வண்டி மாதிரி இருக்கு," என்றான், ஓடாத வண்டியைப் பார்த்து இப்படிச் சொல்கிறவன் என்ன மெக்கானிக் என்று ஆளை மாற்றினார், புது ஆளும் அதையே சொன்னான். அப்படியென்றால் திருட்டுதான், குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள், மூடிக்குப் பூட்டு வந்தது, பெட்ரோல் நிற்கவில்லை, மஞ்சள் கம்பி வந்தது, நிற்கவில்லை, டப்பா வந்தது, எலக்ட்ரீஷியனை வரவழைத்து ரகசிய சுவிட்ச் வைத்தார், அதைப் போடாமல் வண்டி கிளம்பாது, பெட்ரோல் அதற்கும் மசியவில்லை. கடைசியாகப் போன வியாழக்கிழமை, வண்டி எங்கே இருக்கிறது என்று கைபேசிக்குச் சொல்லும் இந்தக் கருவி, திருடன் யாரென்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னான். மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. தெரிந்ததா?

தெரியவில்லை, புள்ளிக்கு முகம் இல்லை. பெரிய சாலையில் ஏறி, சிக்னலில் நின்றது, நின்றது என்றால் ஒழுங்காகக் கோட்டுக்குப் பின்னால், பச்சை விழுந்ததும் நிதானமாகக் கிளம்பி, வேகம் முப்பத்தெட்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருபது... இவன் என்ன திருடன், இவ்வளவு மரியாதையான திருடனா, செயலாளரே அந்தப் பள்ளிக்கூடத்தின் முன் ஞாயிற்றுக்கிழமைதானே என்று நாற்பதில் போகிறவர், வெள்ளிக்கிழமை மெனக்கெட்டு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தபோது கருவி இவருக்கு 'திடீர் பிரேக்: ஒன்பது முறை' என்று அறிக்கை அனுப்பியிருந்தது, இந்தத் திருடன் பேரில் இதுவரை ஒரு பிரேக்கும் இல்லை. "நாலாவது அடுக்குதான் முக்கியம்," வாய் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, வாய்க்குப் படங்களின் வரிசை தெரியும், "ரகசிய சுவிட்ச். அது எங்க இருக்குன்னு உலகத்துலயே ஒருத்தருக்குத்தான் தெரியும்." "வச்சவனுக்குத் தெரியாதா?" ஆடிட்டர் அம்மாள் விடமாட்டாள். எலக்ட்ரீஷியன்... ஆமாம், அவனேதான், வைத்தவனும் அவன், எடுத்தவனும் அவன், என்ன பவ்யமாகக் கை கட்டி நின்றான், மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "அம்மா, கருவியைப் பத்தி சாருக்கு எல்லாம் சொல்லியாச்சு," என்று வேறு. ஆனால் அவனே சொல்லிக்கொடுத்த சிவப்புப் பொத்தான் இதோ இருக்கிறது, தொட்டால் வண்டி எங்கே இருந்தாலும் இயந்திரம் செத்துவிடும், "ஓடும்போது அமுக்கிடாதீங்க சார், பின்னால வர்றவன் வந்து ஏறிடுவான்," என்றும் அவன்தான் சொன்னான், தனக்கே அது நடக்கலாம் என்று தெரிந்துதானே சொல்லியிருக்கிறான்... செயலாளர் மேசைக்கு அடியில் பொத்தானைத் தொட்டார். 'இயந்திரத்தை நிறுத்த வேண்டுமா? ஆம். இல்லை.' புள்ளி ரயில் பாலத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது, பாலத்தின் நடுவில் நின்றால் முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, இறங்கட்டும், அடுத்த சிக்னலில் நிற்கட்டும், நின்ற நிமிஷம் ஆம். வருகிற தேர்தலில் தலைவர் பதவிக்கே நிற்கலாம், சொற்பொழிவின் நடுவே, இதோ என்று கைபேசியை உயர்த்திக்காட்டி, நேரடியாக ஒரு திருடனை...

"சார்," என்று கூடத்தின் கதவருகே வந்து நின்றான் வாட்ச்மேன், நாற்பது வயதுக்கு மேல், யாருக்கும் அவசரப்படாதவன், "கீழ உங்க வண்டி உறையை மடிச்சு என் நாற்காலியில வச்சிருக்கு. அது மேல நான் உக்காரலாமா, இல்ல நிக்கணுமா?" பதினெட்டுத் தலைகளும் திரும்பின. உறையை மடித்து வைத்துவிட்டுப் போகிற திருடன். "யார் வச்சது?" என்றார் செயலாளர். வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்தான். "கேட்டா மட்டும் சொல்லுன்னாங்க. இப்ப நீங்க கேக்குறீங்கன்னு எடுத்துக்கலாமா?" "எடுத்துக்க." "அம்மாதான் சார். எப்பவும் போறாப்பல." எப்பவும். அந்தச் சொல்லை அவன் வைத்தது மேசையில் டம்ளரை வைப்பது மாதிரி இருந்தது, சத்தமில்லாமல், கூடத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அல்லது எல்லோருக்கும் முன்பே தெரியும், ஆடிட்டர் அம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கூரையைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. "சரி, போ. உக்காரு," என்றார் செயலாளர். புள்ளி சிக்னலில் நின்றிருந்தது. ஆமா இல்லையா என்று கைபேசி கேட்டுக்கொண்டேயிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் மனைவி வண்டியை உரசி வாசல் தூணில் ஒரு கோடு போட்டாள், கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், "இனிமே நானே ஓட்டிக்கறேன், உனக்கு எதுக்கு சிரமம்," என்று பெருந்தன்மையாகச் சொன்னார், "சரிங்க," என்றாள், அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தார், அவர் சொன்னால் விஷயங்கள் முடிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். போன வருடம் அவள் பேருக்கு லைசென்ஸ் புதுப்பித்து வந்த தபாலைக்கூட இவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார், எதற்கு என்று கேட்கவில்லை, ஏதோ அடையாளத்துக்கு இருக்கும்... விரல் எதையும் தொடவில்லை, கொஞ்ச நேரத்தில் திரை தானாக இருண்டது. மறுபடி தட்டிப் பார்த்தபோது புள்ளி ஊரைத் தாண்டி ஏரிக்கரைச் சாலையில் இருந்தது, எண்பத்திரண்டு, அந்த வண்டி எண்பத்திரண்டில் போகுமா, அறுபதிலேயே கதவெல்லாம் ஆடுமே. எங்கே போகிறாள், அங்கே யார் இருக்கிறார்கள், தங்கை வீடு எதிர்ப்பக்கம்... யாரும் இல்லை போலிருக்கிறது, சாலை முடிகிற இடம் வரை போயிற்று, நிற்கவில்லை, ஒரு வளையம் போட்டது, திரும்பிற்று. "அஞ்சாவது அடுக்கு என்ன சார்?" என்று கேட்டார் பல் டாக்டர், பாவம், அவர் ஒருவர்தான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "அஞ்சாவது," என்றார் செயலாளர், "வண்டி எங்க இருக்குன்னு காட்டும்." "ஓ. யார் வச்சிருக்காங்கன்னும் காட்டுமா?" "அது காட்டாது."

கைதட்டல் முடிந்து, மஞ்சள் கம்பியைத் தோளிலும் டப்பாவைக் கையிலும் சுமந்து கீழே வந்தபோது வண்டி அதன் இடத்தில் நின்றது, உறை போட்டு, ஒரு மூலைகூடத் தூக்காமல், இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில், இவர் நிறுத்தினால் எப்போதும் ஒரு சக்கரம் பக்கத்து இடத்தை எட்டிப் பார்க்கும். உறையை விலக்கித் தொட்டார், மூக்கு சூடாக இருந்தது. பெட்ரோல் துளையில் இவர் திணித்த பழந்துணி இல்லை, அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் தாள், சுற்றி ரப்பர் பேண்ட், மனசு வைத்துச் செய்த வேலை, கோபப்படலாம் என்று பார்த்தார், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, பெட்ரோலிலிருந்தா, எண்பத்திரண்டிலிருந்தா. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் இன்னொரு சாவியால் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. நன்றாகவே இடித்தது, மூச்சு நின்று வந்தது... இருக்கை முன்னால் தள்ளியிருந்தது, அவள் உயரத்துக்கு. கையை இருக்கைக்கு அடியில் விட்டு நகர்த்தும் கம்பியைத் தேடினார், கம்பிக்கு ஒரு விரல் தள்ளி ரகசிய சுவிட்ச் விரலில் பட்டது, இங்கே யார் கை விடப்போகிறார்கள் என்று யோசித்து யோசித்து இவரே சொல்லி வைத்த இடம், இருக்கையை நகர்த்த வேண்டியவர் மட்டும்தான் கை விடுவார், இவருக்கு நகர்த்த வேண்டியதே இல்லை, ஒன்பது வருடமாக இருக்கை இவர் காலுக்குத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட முழங்கால் இடித்ததில்லை. அப்படியானால் ஒவ்வொரு தடவையும், வந்து நிறுத்திவிட்டு, கையை விட்டு, எத்தனை தடவை, இருக்கை நகரும் தடத்தின் பற்களை எண்ணி வைத்தது போல் அதே இடத்துக்கு, அதே பல்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாள். இன்று தள்ளவில்லை. மறந்துவிட்டாளா? உறையின் மூலைகூடத் தூக்காதவள், ரப்பர் பேண்ட் தேடிப் போட்டவள், கருவி வைத்ததைக் கேட்டுக்கொண்டே எலக்ட்ரீஷியனுக்குத் தண்ணீர் கொடுத்தவள்... கேட்டா மட்டும் சொல்லுன்னாங்க. மேலே போனால் மேசை துடைத்திருக்கும், சாவி எங்கேயாவது இருக்கும், "கூட்டம் எப்படிங்க?" என்பாள். கம்பியை இழுத்து இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டால் இவர் இங்கே வந்து உட்காரவே இல்லை என்று ஆகிவிடும். கம்பியைப் பிடித்த கை அப்படியே இருக்க, முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு ஏற, செயலாளர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார், அதுவும் அவள் உயரத்துக்குத் திருப்பியிருந்தது, அதில் இவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தான் மட்டும் தெரிந்தது.