செத்த நாகத்தின் முட்டைகள்

காவடித் தண்டை இறக்கி வைத்த பிறகும் காத்தானின் தோள்பட்டை காந்திக்கொண்டிருந்தது. வெண்ணந்தூரில் தெருத்தெருவாக மகுடி ஊதியும் அரைப்படிக் கம்பு தேறவில்லை. உலகச் சண்டைக் காலம், நூல் வராமல் தறிகள் நின்றுபோயிருந்தன. தறிக்காரர்களே வயிறு காய்ந்து கிடக்கும்போது பாம்பாட்டிக்கு யார் போடுவார்கள்? வேலமரத்தடியில் உட்கார்ந்து கூடையைத் திறந்தான். நாகம் படமெடுக்கவில்லை. சுருண்டு கிடந்தது. சுருளுக்கடியில் ஈரம் காயாத முட்டைகள்.

அவன் மனைவி அங்காளம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, இதுகூட எந்த ஆம்பளப் பாம்பப் போட்டீங்க?"

"ஒண்ணையும் போடுல புள்ளே. கூடைக்குள்ள இவ ஒருத்திதான். நீதான தெனமும் மூடுற?"

"அப்ப நாந்தான் மாப்புள பாத்துக் கட்டி வெச்சனாக்கும்!"

ஆண் சேராமலும் சில பாம்புகள் இடும். அவை மஞ்சளாகிச் சொத்தையாகிவிடும். காத்தான் வளைகோலால் நாகத்தை ஒதுக்கி, ஒரு முட்டையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். உள்ளே மயிரிழை போலச் சிவப்பு நரம்புகள். உயிர் இருந்தது.

போன வருசம் தை மாதம், அலவாய்மலை அடிவாரத்துப் புற்றடியில் இரண்டு நாகங்கள் பின்னிக் கிடந்தன. சீறி வந்த ஆணைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றுவிட்டுத்தான் பெண்ணான இவளைப் பிடித்தான். பிடித்த பாம்பிடம் கெடு சொல்வது அவன் கூட்டத்து வழக்கம். "ஆடி வரைக்கும் எங்களுக்குச் சோறு போடு ஆத்தா, பொறவு உன்ற புத்துலயே உட்டர்றேன்" என்று மண்ணில் அடித்துச் சத்தியம் செய்தான். அந்தக் கோடையில் இவள் இட்ட முட்டைகளைக் கொண்டுபோய்ப் புற்றில் வைத்தான். செத்தவனுக்கும் இவளுக்கும் இருந்த கணக்கு அதோடு தீர்ந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டான். ஆடியும் போயிற்று. நன்றாக ஆடுகிறவளை விட மனம் வரவில்லை.

"செத்தவனோடதுதான் புள்ளே. அவன் வித்த இத்தன நாளும் வயித்துக்குள்ளயே வெச்சிருந்திருக்கா."

"நீங்க மறந்துட்டீங்க. அவ மறக்குல. கொண்டுபோயி உடுங்க மாமா."

"உட்டுட்டு நாளைக்கு எத வெச்சு ஊதறது? உன்னையா ஆட உடறது?"

அங்காளம்மாள் சிரிக்கவில்லை. கூடையை மூடிக் கட்டித் தண்டில் மாட்டித் தன் தோளில் வைத்துக்கொண்டு மலைப் பக்கம் நடந்தாள். அவன் முட்டைகளைத் துண்டில் பொதிந்துகொண்டு பின்னால் போனான்.

புற்றின் வாய்க்குள் ஈர மண்ணைக் கூட்டி முட்டைகளை வைத்தான். அவள் தோளிலிருந்து கூடையைப் பக்கத்தில் இறக்கினான். மூடிக் கயிற்றின் முடிச்சில் விரல் நின்றுவிட்டது. வயிறு இரைந்தது. உள்ளிருந்து நாகம் மூடியை முட்டியது. கயிறு லேசாக அசைந்து அடங்கியது.

ஆடியில் விடுகிறேன் என்று சொன்ன சொல் இன்னும் பாக்கி.