பல்பு எரியாத பெட்டி

தம்பி பிரிட்ஜ் மெக்கானிக். பல்பு ஃபியூஸ் போனதற்கெல்லாம் பதறியடித்துக் கூப்பிடுகிறவர்களைப் பற்றிப் பேசுவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்று காலையிலும் அப்படி ஒரு வீடு. கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு என்று, பாலை வெளியே எடுத்து வைத்து, காய்கறியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, குடும்பமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம்.

“உள்ள கையை விட்டா ஜில்லுன்னு இருக்குக்கா. பல்பு எரியலன்னா பிரிட்ஜ் செத்துப்போச்சா?” என்று சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வக்கீல் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் பேசிப் பதிவானதைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. அழுகை, இருமல், நடுவில் வந்த செல்போன் மணி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு விஷயத்தை மட்டும் பிடித்துவிடுவாள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் இந்த மாடி அறையும் யாருக்கும் தலைவணங்காத அந்தப் பேச்சும். போன வாரம் அவளுடைய பழைய மடிக்கணினி உயிரை விட்டது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் அதோடு போனது. அந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும்தான், வேண்டுமானால் மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வக்கீலம்மாவும் சொல்லியாகிவிட்டது.

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு தம்பி வாயை விட்டிருந்தான். “விட்டுத் தள்ளுக்கா. நான் எதுக்கு இருக்கேன்? நம்ம வீட்டுக்கு வந்து நிம்மதியா உக்காந்து சாப்பிடு.”

“உக்காந்து சாப்பிட நான் என்ன விருந்தாளியா?” என்று கேட்டவள், அதற்கப்புறம் இரண்டு நாள் அவன் போனையே எடுக்கவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவனை இந்தப் பெட்டியை வாங்க வைத்தது. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதுதான் முழுக் கணினி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். யோசனை சொன்னது ஒரு கல்லூரி ஆசிரியை, அவனிடம் பிரிட்ஜைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர். அதை ஓட்டுவதற்கான இயங்குதளத்தையும் நகக்கண் அளவு மெமரி கார்டு ஒன்றில் அவரே ஏற்றிக் கொடுத்தார். காசும் வேண்டாம், உரிமமும் வேண்டாம், எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி எல்லாருக்கும் பொதுவாக வைத்தது என்றார். தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. காசு வாங்காமல் எவன் வேலை செய்வான்? அவனே பல்பு மாட்டினால்கூடக் கூலி வாங்குகிறவன்.

கடை மூலையில் கிடந்த தன் பழைய மானிட்டரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, கீபோர்டு, இன்டர்நெட் வயர் என்று ஒவ்வொன்றாக மாட்டினான்.

“ஹெட்போனையும் மாட்டிடேன்டா.”

“அதுக்கு இப்ப என்ன அவசரம்? முதல்ல படம் வரட்டும்.”

படம் வரவில்லை. திரை கும்மிருட்டாக இருந்தது. தம்பி பிளக்கைப் பிடுங்கினான். சந்தேகம் வந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கு என்பதுதான் அவன் தொழிலில் படித்த பாடம். துடைத்தான், ஊதினான், மறுபடி சொருகினான். பெட்டியின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது. திரையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் பிடுங்கினான்.

“கொஞ்சம் விட்டுத்தான் பாரேன்டா.”

“எதை விட்டுப் பாக்கறது? படமே வரலங்கறேன்.”

“உனக்கு எப்பவும் கால்ல வெந்நீர்.”

இன்னும் சில தடவை சொருகிப் பிடுங்கியதும் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. “ஓசில கொடுத்தா இப்படித்தான் இருக்கும்” என்று இயங்குதளத்தைத் திட்டினான். பிறகு கேபிளைத் திட்டினான். வேறு கேபிள் வாங்கி வருகிறேன் என்று, கடைசியாகச் சொருகியதைப் பிடுங்காமலேயே விறுவிறுவென்று படியிறங்கிப் போனான்.

முதல் கடையில் அந்தக் கேபிள் இல்லை. அடுத்த கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். வாசலிலேயே காத்திருந்தபோது தம்பிக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனால் அவளுக்கு ஒரு குறையும் வராது; வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும், அவன் மனைவியும் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வாள். ஆனால் சாப்பிட்டுவிட்டு அக்கா என்ன செய்வாள்? நாளெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் அக்காவை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனை அதட்ட அந்த வீட்டில் அவள் கூச்சப்படுவாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கேபிளோடு திரும்பிப் படியேறும்போதே கீபோர்டு சத்தம் கேட்டது. அடைமழை மாதிரி விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பார்த்தான். திரை அதே கும்மிருட்டு. அதன் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். செத்த மெஷினில், ஆசைக்கு.

கிட்டே போய்த் தோளைத் தொட்டான். “வேணாம்கா. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஏதாவது வழி பாக்கலாம்.”

அக்கா தட்டுவதை நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றி, அவன் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, அவன் காதில் மாட்டினாள். ஒரு பட்டனை அழுத்தினாள்.

ஜலதோஷம் பிடித்த ஆள் மூக்கால் பேசுவது போல ஒரு குரல், நிறுத்தாமல் தமிழில் படித்தது: “தம்பி கேபிள் வாங்கப் போயிருக்கிறான். பெட்டி நன்றாக இருக்கிறது. பல்பு எரியவில்லை என்றால் பிரிட்ஜ் செத்துப்போச்சா.”

தம்பி ஹெட்போனைக் கழற்றி, பெட்டியையும் இருட்டுத் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நீ போனதும் ஹெட்போனை நானே மாட்டினேன்” என்றாள் அக்கா. “கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் இங்கிலீஷ்ல ஒரு குரல். திரையைப் படிச்சுச் சொல்ல ஆள் வேணும்னா இந்த மூணு பட்டனைச் சேர்த்து அழுத்துன்னு சொல்லுச்சு. அழுத்தினேன். அப்புறம் தமிழ்க் குரலையும் தேடிப் பிடிச்சேன். நீதான் அது வாயைத் திறக்கறதுக்குள்ள ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கிட்டே இருந்த.”

“நாம கேக்காமலேயேவா சொல்லுச்சு?”

“கேக்காமலேயேதான்டா.” அவள் குரல் லேசாக உடைந்தது. “முதல் தடவை இதைத் திறக்கறவங்களுக்குக் கண்ணு தெரியாம இருக்கலாம்னு எங்கயோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காரு. என்னை அவருக்குத் தெரியாது. என்கிட்ட ஒரு பைசா வாங்கல.”

தம்பிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கூடப் பிறந்து, கைபிடித்துத் தெருவெல்லாம் கூட்டிப்போனவன் அவளுக்கு முதலில் தூக்கி வந்தது மானிட்டர். முகம் தெரியாத யாரோ ஒருவர் அவளுக்குக் காதில் சொல்லியிருக்கிறார். காசு வாங்காமல் எவன் வேலை செய்வான் என்று நினைத்தது ஞாபகம் வந்ததும், அந்த ஆளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

அக்கா அதற்குள் வக்கீலம்மாவைப் போனில் பிடித்துவிட்டாள். “அனுப்புங்க மேடம். எல்லாம் தயாரா இருக்கு. இல்ல, யாரும் உதவிக்கு வேணாம், நானே பாத்துப்பேன்.”

தம்பி சும்மா இருக்க முடியாமல் புதுக் கேபிளை மாட்டிப் பார்த்தான். திரை அப்போதும் இருட்டுதான். கோளாறு மானிட்டரில். கடை மூலையில் கிடந்தபோதே அது போய்ச் சேர்ந்திருக்கிறது. ஓசியில் வந்த இயங்குதளம் அதற்கும் சேர்த்து வசவு வாங்கியிருக்கிறது.

“எடுத்துட்டுப் போடா அதை, இடத்தை அடைக்குது” என்றாள் அக்கா, பழைய அதட்டலோடு.

“சரிக்கா” என்று குனிந்தவன், பழக்கதோஷத்தில் சுவரில் இருந்த பெட்டியின் பிளக்கில் கையை வைத்தான்.

“டேய்” என்றாள் அவள், திரும்பாமலேயே. “அதைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்.”

இரண்டு நாள் பேசாமல் இருந்த அக்கா வாயில் அதைக் கேட்டதும் தம்பிக்கு வயிறு நிறைந்துவிட்டது. மானிட்டரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கினான்.